பெட்டிமேல் உள்ள பெயரை மாற்றச் சொல்லி

குளத்தூர் தாலுகா,
புதுக்கோட்டை மாவட்டம்.
ஆடி 14

மணியும் பாசியும் நகைக்கம்பியும் விற்கிற ஆன்லைன் கடையில் பார்சல் கட்டும் பரிமளா அவர்களுக்கு, வெள்ளைச்சாமி மனைவி ராக்காயி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். எங்கள் சுகத்தைக் கேட்க வேண்டாம். பெட்டிக்குள் 'அன்புடன் பேக் செய்தது பரிமளா' என்று ஒரு சீட்டு இருந்தது. உங்கள் கடையில் மனுசர் பெயர் என்று எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான், அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். அஞ்சாப்புதான் படித்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். இனிமேல் எங்களுக்கு வரும் பெட்டியில் கார்த்திகா என்று போடக் கூடாது. ராக்காயி என்று போட வேண்டும். கார்த்திகா என் மகள், இருபத்திரண்டு வயது. பாசிமாலை, ஜிமிக்கி, பட்டுநூல் வளையல் எல்லாம் செய்து விற்றாள். சாமான் உங்கள் கடையில்தான் வாங்குவாள். பங்குனியில் காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, "அம்மா, மணிமேகலை மாலை பாதியில நிக்கிது" என்றாள். மணிமேகலை அவளோடு படித்த பிள்ளை, விராலிமலைக்காரி, வரும் ஆவணியில் கல்யாணம். அந்த மாலையை முடித்துக் கொடுக்கத்தான் நான் இந்த வேலையில் இறங்கினேன். இல்லாவிட்டால் எனக்கு எதுக்கு இந்தச் சனியன்.

மாலைக்கு வேண்டிய சிவப்பு மணி தீர்ந்துபோயிருந்தது, அவள் போனில் உங்கள் கடையைத் திறந்தால் 'மறுபடி வாங்கு' என்று தமிழில் இருந்தது, அமுக்கினேன், மணி மட்டும் வரும் என்று பார்த்தால் அவள் தை மாசம் வாங்கியது மொத்தமும் மறுபடி கிளம்பி வந்துவிட்டது, அதுவும் ஒரே பெட்டியிலா வந்தது, நாலு பெட்டி, நாலு நாள். முதல் நாள் கம்பி. மறுநாள் குறடு, அது வாயைத் திறந்தால் மூடவில்லை, மூடினால் திறக்கவில்லை. அதற்கு மறுநாள் பசை. எப்படி ஒட்டும் என்று தொட்டுப் பார்த்தேன், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன, சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்து துக்கம் கேட்ட சொந்தக்காரரை, பரதம் ஆடுகிறவள் மாதிரி விரலை வைத்துக்கொண்டே கும்பிட்டேன். கடைசி நாள் மணி. எனக்கு வேண்டியது எட்டு மில்லி பருமன், வந்தது ரெண்டு மில்லி, கேப்பை மாதிரி இருந்தது. முறத்தில் கொட்டிவிட்டு மூக்குக்கண்ணாடி எடுக்க உள்ளே போனேன், அதற்குள் கோழி தின்றுவிட்டது. மூன்றாம் நாள் வாசல் கூட்டும்போது ஒவ்வொன்றாகக் கிடைத்தது. சாயம் போகவில்லை, அது உங்களுக்குப் பெருமை. கழுவி வைத்திருக்கிறேன். திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று தெரிவிக்கவும்.

இதைக்கூட நான் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்சல் கொண்டுவரும் பாலாஜிதான் பெரிய பாடாக இருக்கிறது. எங்கள் தெரு நாய்கள் அவரை வண்டியை விட்டு இறங்க விடாது. தண்ணித்தொட்டி முக்கிலேயே நின்று, "கார்த்திகா! கார்த்திகா பார்சல்!" என்று கத்துவார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததிலிருந்து எங்கள் காதுபட யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'அந்தப் புள்ள' என்பார்கள், 'ஒங்க மக' என்பார்கள். எதிர்வீட்டு அழகி மகளுக்கும் அதே பெயர், இப்போதெல்லாம் கையைத் தட்டித்தான் கூப்பிடுகிறாள். ரேஷன் கார்டிலும் பெயரை எடுத்தாச்சு. ஊரே இப்படி வாயைக் கட்டிக்கொண்டிருக்கும்போது நடுத்தெருவில் ஒரு ஆள் கத்தினால் எப்படி இருக்கும்? சோற்றில் கை வைத்த என் வீட்டுக்காரர் அப்படியே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். நாலு நாளும் அப்படித்தான். நாலு நாளும் சோறு தட்டிலேயே காய்ந்தது.

"மெதுவாக் கூப்பிடக் கூடாதாப்பா?" என்று பாலாஜியிடம் கேட்டேன்.

"நாய் கொரைக்கிற சத்தத்துல மெதுவாக் கூப்பிட்டா ஒங்களுக்குக் கேக்குமா ஆத்தா? பெட்டியில என்ன பேரோ அதத்தான் கூப்பிடணும். மாத்தணும்னா கடைக்கு எழுதுங்க."

பக்கத்து வீட்டு பிளெஸ்ஸி கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறாள். "விடுங்கத்தை, வேற கடை பாப்போம்" என்று ரெண்டு கடை காட்டினாள். முதல் கடையில் மணி திராட்சைப்பழம் மாதிரி மினுங்கியது. கீழே ஒருத்தி, 'மாலையின் சாயம் மணப்பெண் கழுத்தில் இறங்கிவிட்டது, டெலிவரி நன்று' என்று எழுதி மூன்று நட்சத்திரம் போட்டிருந்தாள். அது வேண்டாம் என்றேன். ரெண்டாவது கடையில் மணிக்குப் பக்கத்தில் அடிஸ்கேல் வைத்துப் படம் பிடித்திருந்தார்கள். அதில் என் பெயருக்குப் போட்டோம். எட்டு மில்லி என்றால் எட்டு மில்லி, அதே சிவப்பு, ஒரே பெட்டி. பாலாஜியும், "ராக்காயி பார்சல்!" என்றார். உங்கள் மனசு நோகக் கூடாது பரிமளா, அதுதான் கடை. ஆனால் மணிக்கு மணி நடுவே வைக்கும் தங்கக்கலர் பூமூடி மட்டும் அவர்களிடம் இல்லை. அது உங்களிடம்தான் இருக்கிறது. நாலு பாக்கெட் ஆர்டர் போட்டிருக்கிறேன். தயவுசெய்து பெயரை மாற்றி, நாலையும் ஒரே பெட்டியில் போட்டு அனுப்பவும். என் பங்குக்கு நானும் நாய்களைக் கட்டிப்போட்டுவிட்டேன்.

நாள் முழுக்கப் பெட்டி கட்டுகிற உங்கள் கைகளுக்கு ஒரு நோவும் வராமல் விராலிமலை முருகன் பார்த்துக்கொள்வான்.

இப்படிக்கு,
வெ. ராக்காயி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால் இதை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் எந்திரிச்சு எங்க போனேன்னு நெனச்ச?" என்றார். "கொல்லைக்கு" என்றேன். "கொல்லை வழியா சுத்திக்கிட்டு தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி போய் நின்னேன்டி. நீ வாசலுக்கு வர்ற வரைக்கும் அவன் நாலஞ்சு தடவ கூப்பிடுவான்ல, கிட்டக்க நின்னு கேட்டுட்டு வருவேன். அந்த வேற கடைப் பெட்டி வந்த அன்னைக்கும் நாய் கொரச்ச ஒடனே போய் நின்னேன். ராக்காயிங்கிறான்."

ஆகவே மேலே எழுதியதை எழுதாததாக வைத்துக்கொள்ளவும். பெயர் இருக்கிறபடியே இருக்கட்டும். பூமூடி நாலு பாக்கெட்டையும் ஒரே பெட்டியில் போட வேண்டாம். நாலு பெட்டியாக, நாலு நாளைக்கு அனுப்பவும். நாய்களை அவிழ்த்துவிட்டேன்.