காந்திபுரத்தில் மட்டும் எழுதும் பேனா

கோயமுத்தூரில் கம்ப்யூட்டருக்குள் பேனா பிடித்து எழுதிய முதல் மனிதர் எங்கள் சிலேட்டுதான். அவருக்கு முன்னால் யாராவது எழுதியிருந்தால் வந்து சொல்லட்டும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நாங்கள் வேலை பார்த்த பிரஸ்ஸில் அது யாருக்கும் தேவைப்படவில்லை.

நான் அந்த பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் ஓட்டினேன். காந்திபுரத்தில் ஒரு குறுக்குச் சந்து. ஐந்தாவது வரை படிப்பு. பேப்பரை அடுக்குவேன், வெட்டுவேன். அதில் பேச ஒன்றும் இல்லை. என் பெயர் 'கட்டிங்'.

தொண்ணூறுகளின் கடைசி. பிரஸ்ஸில் இரண்டு கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஒன்றில் சாந்தாமணி உட்காருவார். மவுஸ் அவர் கையில் கரப்பான்பூச்சி மாதிரி ஓடும். இன்னொன்றுக்கு ஆள் இல்லை.

முதலாளியின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு கறுப்புப் பலகை வாங்கி வந்தார். கூடவே ஒரு பேனா. பேனாவுக்கு வயரும் இல்லை, மையும் இல்லை. பலகையைக் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டுப் பேனாவால் அதன்மேல் வரைந்தால் திரையில் கோடு வருமாம். டேப்லெட் என்று பெயர் சொன்னார்.

"இத்தாம்பெரிய மாத்திரைய எப்படீங்க முழுங்கறது?" என்றார் சாந்தாமணி.

யாருக்கும் அது வசப்படவில்லை. ஆறு மாதம் அதன்மேல் டீ கிளாஸ் வைத்தோம். நல்ல பலகை. வட்டம் விழாது.

அப்போதுதான் அவர் வந்தார். சூலூரில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர். ஐம்பது வயது இருக்கும். பத்திரமெல்லாம் கம்ப்யூட்டரில் அடிக்க ஆரம்பித்ததும் அவர் கையெழுத்துக்கு வேலை இல்லாமல் போனது. கம்ப்யூட்டர் வேலையைப் பறித்தால் கம்ப்யூட்டரிலேயே வேலை கேட்பது என்று கிளம்பி வந்துவிட்டார். கம்ப்யூட்டரை அதற்கு முன் தொட்டதில்லை. அதை ஒரு குறையாக அவர் நினைக்கவும் இல்லை.

முதலாளி மவுஸைக் காட்டினார். அவர் அதைப் பார்த்தார். டீ கிளாஸை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பேனாவைப் பிடித்தார். அன்றைக்கு முதலாளி மகள் பெயரை எழுதிக் காட்டினார். திரையில் அந்த எழுத்தைப் பார்த்து முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலை கிடைத்தது. அந்தப் பலகையை நாங்கள் சிலேட்டு என்போம், அந்தப் பெயரே அவருக்கும் கிடைத்தது.

எழுதுவதற்கு முன் அந்தப் பேனாவை இரண்டு தடவை உதறுவார். மையே கிடையாது. ஆனாலும் சாந்தாமணி சேலையை இழுத்துக்கொண்டு தள்ளி உட்காருவார்.

மவுஸை ஏன் தொடுவதில்லை என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொல்வார். முதலாளியிடம், "அது பிள்ளையாரு வாகனமுங்க. அதும்மேல கை வெக்கலாமுங்களா?" பேப்பர் கொண்டுவரும் ஆளிடம், "எலியப் புடிக்க நானென்ன பூனைங்களா?" சாந்தாமணியிடம், "வாலைப் புடிச்சா கடிச்சுப்போடும் அம்மணி." ஒரே காரணத்தை இரண்டு பேரிடம் சொல்லி நான் கேட்டதில்லை.

சிலேட்டைச் சாய்த்து வைத்துத்தான் எழுதுவார். பத்திரம் எழுதிய பழக்கம். சாய்த்து வைத்தால் திரையில் கோடு வலப்பக்கம் இறங்கும். சிலேட்டை நேராக வைக்கச் சொன்னோம். "கை வராதுங்க," என்றார். மறுநாள் மானிட்டரின் வலப்பக்கத்துக்கு அடியில் ஒரு செங்கல் இருந்தது. மானிட்டர் சாய்ந்தது, கோடு நேரானது.

அன்றிலிருந்து அந்த மேஜைக்கு வருகிறவர்கள் எல்லாம் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கிரகப்பிரவேசப் பத்திரிகைக்கு வந்தவர் அரை மணி நேரம் அப்படி நின்றுவிட்டு, "ஏனுங்க, புதூட்டுக்கு நான் கழுத்துச் சுளுக்கோட போகோணுமாட்ட இருக்குதுங்களே," என்றார்.

திரையில் நேராகிவிட்டது. பேப்பரில் ஆகவில்லை. அச்சாகி வந்தால் எல்லாம் ஒரு பக்கம் சரிந்திருக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை. கோணலாக வந்ததைக் கோணலாக வைத்து வெட்டினால் நேராகிவிடும். இரண்டு வருடம் அப்படித்தான் வெட்டினேன். தன் கோடு நேர் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

பேனாவை அவர் பிரஸ்ஸில் வைத்துவிட்டுப் போகமாட்டார். சட்டைப் பையில் செருகிக்கொண்டு சூலூர் பஸ் ஏறுவார். ஒருநாள் ஊரில் பாங்குக்குப் போயிருக்கிறார். பக்கத்தில் நின்றவர் பேனா கேட்டார். இவர் கொடுத்துவிட்டார். அந்த ஆள் பணம் கட்டும் சீட்டில் கீறிக் கீறிப் பார்த்தாராம்.

"எழுதலைங்களே?"

"எழுதுமுங்க. சூலூர்ல எழுதாது. காந்திபுரத்துல எழுதும்."

அந்த ஆள் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வரிசைக்குப் போய்விட்டாராம். "அவசரக்காரருங்க. முழுசாக் கேக்காமப் போயிட்டாரு," என்று எங்களிடம் வருத்தப்பட்டார்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. எதை எழுதினாலும் முதலில் உச்சியில், நடுவில், பிள்ளையார் சுழி போடுவார். பத்திரிகைக்கு உ. பில் புத்தகத்துக்கு உ. மோட்டார் பம்பு லேபிளுக்கு உ. எலிப் பாஷாண டப்பாவுக்கும் உ. "எலி மருந்துக்குப் பிள்ளையாருங்களாண்ணா?" என்று சாந்தாமணி கேட்டதற்கு, "அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணுமில்ல அம்மணி," என்றார்.

அவர் எழுதி முடித்து எழுந்ததும் சாந்தாமணி போய் ஒரே தட்டில் சுழியை அழித்துவிட்டு அச்சுக்கு ஃபிலிம் எடுக்க அனுப்புவார். சிலேட்டுக்கு அது தெரியாது. தலையில் அவர் சுழி போட, சாந்தாமணி அழிக்க, ஓரத்தில் நான் கோணலை எடுக்க, அவர் வேலை சுத்தம் என்று ஊரில் நல்ல பெயர்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கட்டிங் மெஷின் ஓட்டுகிறவன் யாரைப் பார்த்தாலும் முதலில் விரலைத்தான் பார்ப்பான். அவர் வந்த அன்றைக்கே பார்த்துவிட்டேன். வலது ஆள்காட்டி விரல் மடங்காது. குச்சி மாதிரி நிற்கும். பேனாவைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடிப்பார். சிலேட்டில் பேனா முனையை லேசாக ஊன்றினால் போதும். மவுஸுக்கு அந்த விரல் வேண்டும்.

நான் பார்த்ததை அவரும் பார்த்தார். ஒருநாள் கைகழுவும் இடத்தில் சொன்னார்.

"சின்ன வயசுல தறீல போனதுங்க. எழுதறதுக்குத் தொந்தரவில்லை. ஆனா வேலை குடுக்கறவங்க கையைத்தானுங்க பாப்பாங்க. நீங்க ஆருகிட்டயும் சொல்லீராதீங்க."

"செரிங்க," என்றேன்.

ஒரு தங்கை கல்யாணத்துக்காகச் சாந்தாமணி பவானி போனார். மூன்று நாள். அந்த மூன்று நாளில் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் வேலை வந்தது. வெளிநாட்டுக்குப் போகும் பனியனில் தொங்கவிடும் அட்டை. சிலேட்டு ஒரு மயில் வரைந்து கீழே கம்பெனி பெயர் எழுதினார். நல்ல மயில். உச்சியில் உ. அழிக்க ஆள் இல்லை. இருபதாயிரம் அட்டை ஓடிவிட்டது. வெட்டியது நான்தான். எனக்கும் தோன்றவில்லை. திரையில் தினமும் பார்த்த சுழி, அங்கேதானே இருக்கும் என்று வெட்டிவிட்டேன்.

மாதிரிக்குப் பத்து அட்டை திருப்பூர் போனது. மூலையில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்துக் கொடுத்தோம். மறுநாள் காலை பனியன் கம்பெனிக்காரர் அட்டையோடு வந்து இறங்கினார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏனுங்க, இது என்னங்க இது?"

"பிள்ளையார் சுழிங்க," என்றார் முதலாளி.

"எனக்குத் தெரியாதுங்களா? சரக்கு வாங்க வந்திருக்கற வெள்ளைக்காரனுக்குத் தெரியுமுங்களா? அவன் இதைப் பாத்துப்போட்டு 'டூ'ங்கறான். ரெண்டு! ரெண்டாந்தரச் சரக்கா எனக்குங்கறான்! செகண்ட்ஸ் மாலுக்கு ஃபர்ஸ்ட் விலையான்னு கேக்கறான்!"

"எடுத்துச் சொல்ல வேண்டியதுதானுங்களே?"

"சாமின்னேன். எங்கேன்னு தேடறான். யானைன்னேன். அட்டையில மயிலுதானே இருக்குதுங்கறான். தும்பிக்கைன்னு கையை ஆட்டிக் காட்டுனேன். அவன் நம்புனது எனக்குக் கிறுக்குன்னு மட்டுந்தானுங்க. நாளைக்கு வந்து சரக்கைப் பாக்கறான். அட்டை இப்படியே இருந்தா அத்தனையும் வேண்டாம்னு போயிருவான்."

சாந்தாமணி அன்றைக்குத்தான் திரும்பியிருந்தார். "நான் இருந்திருந்தா அழிச்சிருப்பனுங்க," என்றார்.

சிலேட்டு திரும்பிச் சாந்தாமணியைப் பார்த்தார். இரண்டு வருடத்துச் சுழியெல்லாம் எங்கே போனது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பேப்பரை அடுக்கினேன்.

முதலாளிக்குச் சத்தம் போட்டுப் பழக்கமில்லை. மெதுவாகச் சொன்னார். "அந்தச் சிலேட்டைக் கழட்டிப்போடு அம்மணி. பேனாவக் கையில குடுத்தா அவருக்குப் பத்திரம் எழுதற நெனப்பு வந்துருது. ஏனுங்க, இன்னைலிருந்து மவுஸ்தான். முடியாதுன்னா ஊட்டுக்குப் போயிருங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

அன்றைக்குச் சிலேட்டு ஒரு காரணமும் சொல்லவில்லை. பூனை வரவில்லை, வால் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மவுஸின்மேல் கையை வைத்தார். நான்கு விரலும் படிந்தன. ஒன்று நேராக நின்றது, வாத்தியாரைப் பார்த்துத் தூக்கியது மாதிரி. நடுவிரலால் அமுக்கப் பார்த்தார். திரையில் அம்பு மேலே ஓடியது. இன்னும் அழுத்தினார். மவுஸ் கையிலிருந்து நழுவி மேஜை ஓரத்தில் தொங்கியது.

முதலாளி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விரலைப் பற்றிச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஆனால் செரிங்க என்று வாக்குக் கொடுத்தவன். வாயைத் திறந்தாகிவிட்டது, ஏதாவது சொல்ல வேண்டும்.

"ஓட்டை," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் பேசி அவர்களுக்குப் பழக்கமில்லை.

"என்னப்பா கட்டிங்கு?"

"ஓட்டையை மூலைல போடாம உச்சில நடுவுல போட்டா சுழி போயிருமுங்க."

கம்பெனிக்காரர் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கயிறு நடுவில் வந்தால் மயிலுக்கும் நல்லதுதான் என்றார். செருப்பு ஞாபகம் வந்து வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

முதலாளி இன்னும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "அம்மணி, சிலேட்டைத் திரும்ப மாட்டிப்போடு. மச்சான் வந்தா கேப்பாரு. சிங்கப்பூர்ல இருந்து தூக்கிட்டு வந்தது சும்மா கெடந்தா கோவிச்சுக்குவாரு." அந்த மச்சான் ஊர்ப்பக்கம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வரும் பேச்சும் இல்லை.

சாயங்காலத்துக்குள் இருபதாயிரத்துக்கும் ஓட்டை போட்டேன். ஓட்டை போட்டால் பொட்டு விழும். குட்டி வட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு உ. தரையெல்லாம் உ. சாந்தாமணி விளக்குமாற்றை எடுத்தார்.

"அம்மணி, அதை வெச்சுக் கூட்டாதே! பிள்ளையாரு!"

முதலாளி உள்ளே வந்தார்.

"காலை எடுங்க! பிள்ளையாரு!"

முதலாளி ஒற்றைக் காலில் நின்றார். மறு காலை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. சிலேட்டு தரையில் மண்டி போட்டு, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். நானும் எடுத்தேன். முதலாளி நின்ற இடத்திலிருந்தே, "அதோ அங்க ரெண்டு," என்று காட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் சேர்ந்து ஒரு சொம்பளவு வந்தது. மஞ்சப்பையில் கட்டினார். தண்ணீரில் விட வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் உக்கடம் குளத்துக்குப் போனோம். நான் ஏன் போனேன் என்று தெரியவில்லை. கூப்பிட்டார், போனேன். கரையில் ஒரு ஆள் வலையை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"என்னங்க கொட்டப் போறீங்க?"

"பிள்ளையாருங்க."

"எத்தனைங்க?"

"இருபதாயிரம்."

அந்த ஆள் வலையைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போனார்.

சிலேட்டு பையைத் தூக்கிக் கொட்டினார். தண்ணீர்ப் பக்கமிருந்து காற்று அடித்தது. கொஞ்சம்தான் குளத்தில் விழுந்தது. மற்றதெல்லாம் எங்கள்மேல். அவர் மீசையில், என் காதில், தலையில். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

"குனீங்க," என்றார்.

குனிந்தேன். என் தலையிலிருந்த பொட்டுகளை அந்த மடங்காத விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டார். அவசரப்படவில்லை. எல்லாம் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தே நின்றேன்.