டைல்ஸ் போட்ட மலைச்சாலை

அரசாங்கம் ஒரு சாலையைப் போட்டுவிட்டது என்றால் போட்டதுதான். தெரியவில்லை என்றால் கண்ணைத்தான் பரிசோதிக்க வேண்டும். எடப்புளி நாடு என்ற மலையூரின் விவசாயி அர்த்தனாரிக்கு இந்தச் சின்ன விஷயம் விளங்கவில்லை. மருமகளுக்கு நிறைமாசம். வலி எடுத்தால் தூளி கட்டித்தான் பஸ் ரோட்டுக்குத் தூக்கிவர வேண்டும். ஊருக்கு ரோடு கேட்டுச் செம்மேட்டில் ஓர் ஆபீசில் வந்து நின்றார்.

“உங்கள் ஊர்ச் சாலை எப்போதோ திறந்தாகிவிட்டது. திறப்பு விழா வீடியோ டேப் பீரோவில் பத்திரமாக இருக்கிறது” என்றார் அதிகாரி ஓம்பிரகாஷ். மலைக்குக் கீழேயிருந்து மாற்றலாகி வந்தவர். மலையைவிடக் கோப்புகளை அதிகம் நம்புகிறவர்.

“ரிப்பன் வெட்டுனது மெய்தானுங்க. ரெண்டு பலாமரத்துக்கு நடுவுல கட்டி வெட்டுனாங்க. கீழே ஒத்தையடிப் பாதைதானுங்க. அந்த டேப்பைப் போட்டுப் பாருங்க, சந்தி சிரிக்கும்.”

பழைய டேப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து அப்போதுதான் சுற்றறிக்கை வந்திருந்தது. இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் இருந்தால்தானே எதுவும் உண்மை? டேப்பும் அந்தக் காலத்துக் கேமராவும் பீரோவிலிருந்து இறங்கின.

கம்ப்யூட்டர் பார்க்கும் அமலோற்பவம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களைச் செருகினார். திரை நீலமாகவே இருந்தது. கழற்றிச் செருகினார். அப்போதும் நீலம். ஓம்பிரகாஷ் திரையின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். ஆபீசில் எந்த மிஷினுக்கும் இதுதான் முதலுதவி.

“சார், கேமரா சுவிட்சு நடுவுல நிக்குது. பிடிச்சதைப் போட்டுப் பார்க்கிற பக்கம் தள்ளணும்” என்றார் அமலோற்பவம்.

“சுற்றறிக்கையில் ‘கேமராவை இணைக்கவும்’ என்றுதான் இருக்கிறது. கேமரா என்றால் படம் பிடிப்பது. பிடிக்கிற பக்கமே தள்ளுங்கள்.”

தள்ளியதும் டைல்ஸ் தரையும் மின்விசிறியுமாகத் திரையில் அந்த ஆபீசே தெரிந்தது. “அட சாமி, நம்ம மூஞ்சி!” என்று அர்த்தனாரி மீசையைத் தடவிக்கொண்டார். ஓம்பிரகாஷ் தலை வாரிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அமுக்கினார். டேப் பூட்டியிருப்பதாகக் கேமரா முரண்டு பிடித்தது.

“பழைய பதிவு அழிஞ்சிடக் கூடாதுன்னு பூட்டி வச்சிருக்காங்க, சார்.”

“அழியும் என்று சுற்றறிக்கையில் எழுதியிருக்கிறதா? அரசுச் சொத்தைத் திறக்க எனக்கு அதிகாரம் உண்டு, அம்மா.”

பூட்டு திறந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரில் ஏறும் முதல் டேப்; விழா இல்லாமல் எப்படி? குழாயடி முதல் கக்கூஸ் வரை ரிப்பன் வெட்டாமல் அந்த ஆபீஸ் எதையும் தொடங்கியதில்லை. கோப்புக் கட்டும் நாடா வந்தது. “பெரியவரே, ஒரு முனையைப் பிடியுங்கள்.”

சண்டை போட வந்த மனுசன்தான். ஆனால் கேமரா முன்னால் எவன் முறைப்பான்? பிடித்தார். ஓம்பிரகாஷ் வெட்டினார். அர்த்தனாரி பல் தெரியச் சிரித்துக் கை தட்டினார். அமலோற்பவம் தலையில் அடித்துக்கொண்டதும் பதிவானது.

டேப்பின்மேல் ஒட்டியிருக்கும் பெயரையே வைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அது ‘எடப்புளி நாடு சாலைத் திறப்பு விழா’ என்ற பெயரில் மேலிடம் போய்ச் சேர்ந்தது. மனுவை முடித்துவைப்பதென்றால் மேலிடத்துக்குக் குதிரை வேகம். மறுநாளே பதில்:

“காணொளி பரிசீலிக்கப்பட்டது. சாலை திறக்கப்பட்டது ஐயமற உறுதியாகிறது. மனுதாரரே ரிப்பன் பிடித்துக் கைதட்டி மகிழ்கிறார். மலைச்சாலைக்கு டைல்ஸ் பதித்திருப்பது பாராட்டத்தக்கது. மின்விசிறி சற்றே மிகை. மனு முடித்துவைக்கப்படுகிறது.”

ஆபீசுக்கு வந்து அதைக் கேட்ட அர்த்தனாரி பதறிப்போனார். “அந்தப் பழைய படத்தைப் போடுங்க சார், பலாமரம் தெரியுமுங்க!”

“அதன்மேல்தான் நீங்கள் பதிவாகியிருக்கிறீர்கள், பெரியவரே.”

போனில் வாங்கிக்கொண்ட வீடியோவோடு வீடு வந்து சேர்ந்தார். ஊரே கூடிவிட்டது. மீசை எடுப்பாக இருப்பதாக ஆளாளுக்குச் சொன்னார்கள். மனைவி பொன்னம்மாள் மட்டும் படத்தைப் பார்க்கவில்லை.

“ஏனுங்க, நாளைக்குப் புள்ளைக்கு வலி வந்தா எந்த ரோட்டுல கொண்டு போறதுங்க? நீங்க கை தட்டுனீங்களே, அந்த ரோட்டுலயா?”

அர்த்தனாரியை வெட்கம் பிடுங்கித் தின்றது. தூளி தூக்க வேண்டிய நாலு பேர் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்கள்.

“மாமா, அந்தக் கை தட்டுற எடத்தை இன்னொருக்காப் பார்த்துக்கறோமுங்க!”