நாலு பேர் அண்ணாச்சியும் எங்கள் வீட்டு அரளியும்

பெற்ற மகளின் கல்யாணத்தை மண்டபத்து வாசலில் நின்றபடியே பார்த்த தகப்பன் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் பக்கத்து வீட்டு 'நாலு பேர்' அண்ணாச்சி.

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருடம் ஃபோர்மேனாக இருந்தவர். அங்கே ஓர் அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நுழையுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்க வேண்டும். ஓய்வு பெற்றபோது அண்ணாச்சி இந்தச் சட்டங்களையும் கையோடு எடுத்து வந்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் இரும்பு கேட்டில் உள்ளங்கையை வைப்பார். பிறகு ஜன்னல் வழியே தலைகளை எண்ணுவார்.

என் மகளுக்குப் பெயர் வைத்த அன்று கூடத்தில் நான், கணவர், பிள்ளை மூவரும்தான். தைரியமாக வந்து உட்கார்ந்தார். பாயசத்தை வாயருகே கொண்டுபோகும்போது என் நாத்தனார் உள்ளே வர, டம்ளரோடு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

"கைப்பிள்ளையுமா ஒரு ஆளு அண்ணாச்சி?"

"மூச்சு விடுதுல்ல தாயி? அப்ப ஆளுதான்."

வீட்டு முன்னால் பச்சையாக ஏதாவது நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எங்கள் தெருவிலோ பத்து நாளைக்கு ஒரு தடவைதான் குழாயில் தண்ணீர். நர்சரிக்காரர் யோசிக்காமல் அரளியை நீட்டினார். "நாலுவழிச்சாலை நடுவுல எவன் தண்ணி ஊத்துதான்? அங்கன பூக்கலையா?"

மூன்று கன்று வைத்தேன். மனசு கேட்கவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்த கையோடு செடிக்கும் ஒரு செம்பு ஊற்றினேன். சரியாகத்தான் ஊற்றினோமா என்ற சந்தேகத்தில் இன்னொரு செம்பு. இரண்டு கன்று வேர் அழுகிச் செத்தன.

"அதுக்குத் தாகமே எடுக்கல தாயி. ஒங்களுக்குத்தான் எடுக்குது," என்ற அண்ணாச்சி, என் வாளியைக் கொண்டுபோய் ஒளித்து வைத்துவிட்டார். மூன்றாவது பிழைத்தது அப்படித்தான்.

சித்திரை வெயிலிலும் ஓர் இலை வாடாமல் வளர்ந்து, ரோஸ் நிறத்தில் பூத்தது. அதே சமயம் என் மகளும் நடக்கத் தொடங்கினாள். அரளி வேரிலிருந்து பூ வரை விஷம் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரிந்தேதான் வைத்தேன், பி.எட். வேறு படித்திருக்கிறேன். வெட்டிவிடலாம் என்றால் கணவர், "ஞாயித்துக்கெளமை பாப்போம்" என்றார். ஞாயிறுகள் போய்க்கொண்டே இருந்தன.

அண்ணாச்சி ஞாயிறு வரை பொறுக்கவில்லை. செடியைச் சுற்றிக் கம்பி வலை, வலையில் சிவப்புக் கொடி, பக்கத்தில் ஒரு வாளி மணல்.

"மணல் எதுக்கு அண்ணாச்சி? செடி வெடிக்கவா போகுது?"

"பளக்கம் தாயி."

தினமும் காலையில் கேட்டைத் தொட்டுவிட்டு வந்து பூக்களை எண்ணுவார். உதிர்ந்ததைப் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடுவார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒரு மதியம், காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போய் இறங்கினேன். பிள்ளை வலையோரம் உட்கார்ந்திருந்தாள். வாய், கன்னம், கை எல்லாம் ரோஸ்.

நான் போட்ட கூச்சலில், சாப்பிட வந்திருந்த கணவர் எச்சில் கையோடு ஓடிவந்தார். அண்ணாச்சி சுவரேறிக் குதித்தார். கேட்டைத் தொடாமல் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அன்றுதான். நேராகச் செடியிடம் போனார்.

"காலையில பதினேளு. இப்பவும் பதினேளு. ஒடிஞ்ச காம்பு ஒண்ணுகூட இல்ல. அளாதீக தாயி."

எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. ஆட்டோ வந்தது. டிரைவர், கணவர், நான், பிள்ளை. அண்ணாச்சி உதிர்ந்த பூ டப்பாவோடு கீழே நின்றார். அவர் உதடு எங்களை எண்ணியதைப் பார்த்தேன். எண்ணி முடித்துவிட்டு, "டாக்டரு கேட்டா என்ன பூவுன்னு காட்டணும்லா?" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

டாக்டரம்மா பிள்ளையின் வாயைத் துடைத்து, பஞ்சை முகர்ந்து பார்த்தார்.

"மதியம் என்ன குடுத்தீங்க?"

"பீட்ரூட்... மசிச்சு..." சொல்லும்போதே என் குரல் தேய்ந்தது. ஊட்டியதும் நான்தான், மறந்ததும் நான்தான்.

இருந்தாலும் சாயங்காலம் வரை வைத்திருந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். நல்ல செய்தி சொல்ல அண்ணாச்சியைத் தேடினேன். வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். "வார்டுக்குள்ள ஒம்பது பேரு தாயி!"

மறுநாள் அவரே கையுறை மாட்டிக்கொண்டு அரளியை வேரோடு தோண்டினார். அந்த இடத்தில் ஆவாரை விதை போட்டார். அதுவும் தண்ணீர் கேட்பதில்லை. இலையும் உதிர்ந்து மொட்டையாவதில்லை. மஞ்சளாகப் பூத்துத் தள்ளுகிறது. பூவைக் காய்ச்சியே குடிக்கிற ஊர் இது, பிள்ளை பிய்த்தால் எனக்குப் பயமில்லை. அண்ணாச்சி மட்டும் இன்னமும் எண்ணுகிறார்.

போன வாரம் மகளுக்கு மூன்றாவது பிறந்தநாள். கூடம் நிறைய உறவுக்காரர்கள். ஜன்னலில் அண்ணாச்சியின் தலை தெரிந்து, மறைந்தது. கணவரையும் நாத்தனாரையும் மற்ற எல்லோரையும் அடுப்படிக்கும் மாடிக்கும் விரட்டினேன். கேக்கோடு நானும் மகளும் மட்டும் நின்றோம்.

"வாங்க அண்ணாச்சி," என்று கதவைத் திறந்தேன். "ரெண்டு பேருதான் இருக்கோம்."