மூக்கைத் தூக்கிய படகு

வாரம் பூராவும் வாசலில் பசு மாதிரி நின்றிருந்த பாய்மரப் படகு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குமாஸ்தா சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் டிரெய்லரோடு பின்னால் சாய்ந்து, மூக்கை வானத்துக்குத் தூக்கியிருந்தது.

படகு மேனேஜருடையது. "எங்க வீட்டுல இடமில்ல, உங்க வாசல்ல நிக்கட்டும். கேபினை மட்டும் திறக்காதீங்க" என்று சொல்லி நிறுத்திவிட்டுப் போயிருந்தார். ஒன்பது வருஷமாக குமாஸ்தா கண் வைத்திருக்கும் ஹெட்கிளார்க் நாற்காலிக்கு நாளைக்கு அந்த மேனேஜர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

"பின்னால வெயிட்டு ஜாஸ்தியாயிடுச்சு," என்றாள் மனைவி.

"காலையில இல்லாத வெயிட்டு இப்ப எங்கேருந்து வரும்?"

"கேபினைத் திறந்துதான் பாருங்களேன்."

"வேற வினையே வேண்டாம். மேனேஜர் வெயிட்டான ஆளு. அவர் சொன்னா சொன்னதுதான்."

உள்ளேயிருந்து கர்... கர்... என்று அறுக்கிற சத்தம் வந்தது. பலகைதான் விரிசல் விடுகிறது என்று முடிவு கட்டினார்.

பக்கத்து வீட்டில் ஜாக்கி வாங்கிவந்து படகின் பின்பக்கத்தைத் தூக்கினார். ஜாக்கி வழுக்கி, படகு இன்னும் ஒரு சாண் இறங்கியது. மூக்கில் கயிறு கட்டி வாசல் கேட்டோடு இழுத்து முடிச்சுப் போட்டார். கேட் பிடுங்கிக்கொண்டு வந்து மூக்குத்தி போலத் தொங்கியது. அதற்கும் மூக்கு இறங்கவில்லை.

மேனேஜரின் செல் அணைந்திருந்தது. வேறு வழியில்லாமல் அவர் வீட்டுக்கே போன் போட்டார்.

"அவர் ஆபீஸ் போயிருக்காரே," என்றார் மேனேஜரின் மனைவி. "ஒட்டடை அடிக்கணும், டேங்க் கழுவணும்னு நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன். ஞாயித்துக்கிழமையானா ஆபீஸ் வேலைன்னு ஓடிடறார்."

"எப்பேர்ப்பட்ட உழைப்பாளி," என்று குமாஸ்தா தழுதழுத்தார். "அவர் படகைப் போய் இப்படிப் பண்ணிட்டேனே."

கடைசியில் ஏணி போட்டு, தையல் மெஷினையும் ஏழு பூந்தொட்டிகளையும் புருஷனும் பெண்டாட்டியுமாக மூக்குப் பக்கம் ஏற்றினார்கள். அவை சரிவில் ஒரு நொடி யோசித்தன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப் போய்க் கேபின்மேல் மோதின.

கர் சத்தம் நின்றுவிட்டது.

"போச்சு, உடைஞ்சே போச்சு," என்று குமாஸ்தா மறுபடி போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். "சாகுற வரைக்கும் நான் குமாஸ்தாதான்."

அப்போது கேபினின் மூடி உள்ளிருந்து திறந்தது. தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேனேஜர் எட்டிப் பார்த்தார். தொட்டிகளைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், குமாஸ்தா கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"யார்கிட்ட பேசினீங்க?"

"உங்க வீட்டுலதான் சார்."

மேனேஜரின் முகம் வெளிறியது.

"நான் இங்க வந்து தூங்குறது அவளுக்குத் தெரிய வேண்டாம், ஹெட்கிளார்க் சார்."