வெள்ளித்தாள் சுற்றிய ஸ்டார்ட்டர்

அன்றைக்கு எங்கள் ஆம்பூர் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இப்போது ஊரில் பாதிப் பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நான், என் மனைவி கலா, மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் கரீம் பாய், அவர் மனைவி, வாணியம்பாடியிலிருந்து விருந்துக்கு வந்த அவர்களுடைய சம்பந்தி வீட்டார் ஐந்து பேர், பார்சல் கொண்டுவந்த நரைமீசைக்காரர் ஒருவர். அவ்வளவுதான். பெங்களூரில் வேலை செய்யும் எங்கள் மகள் நிவேதா போனில் மட்டும் இருந்தாள்.

அவள்தான் அந்த டப்பாவை அனுப்பினாள். வீட்டிலிருக்கும் விளக்கு, விசிறி, டிவி எல்லாவற்றையும் ஒயர் இல்லாமல் ஒரே இடத்திலிருந்து மேய்க்கும் டப்பாவாம். வருவதற்கு ஒன்பது நாள் முன்பே போனில் அதன் பெருமையைப் பாடினாள்.

"வைஃபை இருக்கு, புளூடூத் இருக்கு, இன்னும் ரெண்டு மூணு விதமா சிக்னல் இருக்குப்பா. முப்பது மீட்டருக்குள்ள இன்னா இருந்தாலும் தானா கண்டுபிடிச்சு சேத்துக்கும்."

மற்ற அப்பாக்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் 'தானா' என்ற இடத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தோல் பதனிடும் ஷாப்பில் எனக்கு வேலை, தோலுக்கு அடையாளம் போடுவது. நான்கு முதலாளிகளின் தோல் ஒரே டிரம்மில் சுற்றும். எந்தத் தோல் யாருடையது என்று தெரிய, வால் பக்கம் ஆளுக்கொரு மாதிரி துளை குத்தவேண்டும். துளை இல்லாமல் உள்ளே போன தோல் யாருக்கும் சொந்தமில்லை. வெளியே வரும்போது அடிதடிதான். இருபத்திரண்டு வருஷமாக இதைச் செய்கிறவனிடம், 'எல்லாவற்றையும் தானாகச் சேர்த்துக்கொள்ளும்' என்றால் என்ன கேள்வி வரும்? இந்த டப்பாவுக்கு எது என் சாமான், எது பாய் சாமான் என்று எப்படித் தெரியும்?

பாயிடம் ஒரு சாமான் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே, எங்கள் ஜன்னலை ஒட்டி, தண்ணீர் மோட்டாரின் ஸ்டார்ட்டர். சிம் கார்டு போட்டது. பாய் கறிக்கடையில் நின்றபடியே போனை அமுக்கி மோட்டாரைப் போடுவார், நிறுத்துவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை ஜாஸ்தி.

அதோடு எங்கள் லீசு அந்த மாதம் முடிகிறது. சம்பந்தி வீட்டில் யாரோ கீழ் வீட்டைக் கேட்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வரும்போது பார்த்துவிட்டுச் சொல்வார்கள் என்று பாய் தயங்கித் தயங்கிச் சொல்லியிருந்தார். கலாவின் தையல் வாடிக்கையெல்லாம் அந்தத் தெருவில்தான். இந்த நேரத்தில் என் டப்பா போய் அவர் மோட்டாரைப் பிடித்துக்கொண்டால்? வீடு போயிற்று.

டப்பாவும் அதே ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வருவதாகச் செய்தி வந்தது.

வெள்ளித்தாள் சிக்னலை நிறுத்தும் என்று ஷாப்பில் ஒரு தோஸ்த் சொன்னான். நான் சும்மா நம்புகிறவன் இல்லை. என் போனை வெள்ளித்தாளில் நாலு மடிப்பாகச் சுற்றி, கலாவை அந்த நம்பருக்குக் கூப்பிடச் சொன்னேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தேன். (இடுப்பில் சொருகியிருந்தேன்.)

பிரியாணிக் கடையில் பார்சல் மடிக்கும் தாள் இரண்டு ரோல் வாங்கினேன். ஞாயிறு காலை மிக்சி, டிவி, பிரிட்ஜ் எல்லாவற்றையும் சுற்றினேன். டப்பா வந்தபின் ஒவ்வொன்றாக அவிழ்த்து அறிமுகப்படுத்தலாம் என்பது திட்டம். பத்தரைக்கு, யாருக்கும் தெரியாமல் பாயின் ஸ்டார்ட்டரையும் சுற்றினேன். ஐந்து சுற்று. மோட்டார் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தவர் மோட்டாரை நிறுத்த நான் யார்? பாய் போனிலிருந்து நிறுத்திக்கொள்வார் என்று வந்துவிட்டேன். (எப்படி நிறுத்துவார் என்று யோசிக்கிற மூளை இருந்தால் பத்தாவது பாஸ் செய்திருப்பேன்.)

பதினோரு மணிக்கு மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வாசற்படியில் தண்ணீர் அருவியாக விழுந்தது. ஓடிவந்து பார்த்தேன். தெருமுனையில் பார்சல் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. டப்பா வரும்போதே வேலையை ஆரம்பித்துவிட்டது!

"அண்ணே! கிட்ட வராதீங்க! முப்பது மீட்டர் தள்ளி நில்லுங்க!"

நரைமீசைக்காரர் வண்டியை நிறுத்தினார். "இன்னாண்ணே, நாய் இருக்குதா?"

"டப்பா மோட்டார ஓட்டுது!"

அவர் டப்பாவைத் தூக்கிக் காட்டினார். "சீலே பிரிக்கல. இதுக்கு கரண்டு யார் குடுத்தா?"

"இன்னாங்க, அங்க நின்னு வாய் பாக்காம மோட்டார நிறுத்துங்க!" என்று உள்ளிருந்து கத்தினாள் கலா.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் டப்பா ஓட்டுகிற மோட்டாரைத் தொட்டால் ஷாக் அடிக்குமோ என்று பயம். அந்த யோசனையில் நான் நிற்கும்போது ஆட்டோ வந்து நின்றது. பாயும், வெள்ளை ஜிப்பாவில் சம்பந்தியும், மற்ற நால்வரும் இறங்கி நேராக அருவிக்குள் நடந்தார்கள். அதே நேரம் கீழ்த்தொட்டி வற்றி, மோட்டார் ஒரு மாதிரி ஊளையிட்டு, புகைவிட்டு அடங்கியது.

"பத்து வாட்டி ஆஃப் அமுக்கினேன், போவவே இல்ல!" என்று போனை ஆட்டிக்கொண்டே பாய் படிக்கட்டுக்கு ஓடினார். போனவர் அங்கேயே நின்றார்.

"சேகரு."

"பாய்."

"ஸ்டார்ட்டர எதுக்குப்பா பிரியாணி பார்சல் கட்டி வெச்சிருக்கே?"

நான் ஒன்பது நாள் விஷயத்தையும் ஒரே மூச்சில் சொன்னேன். டிரம், துளை, முப்பது மீட்டர், எல்லாம். நரைமீசைக்காரர் கையெழுத்து வாங்குவதையே மறந்து கேட்டார். சம்பந்தி ஜிப்பாவைப் பிழிந்துகொண்டே எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பிரிட்ஜ் முதல் மிக்சி வரை பளபளவென்று நின்றன.

"கரீம் பாய், இதானா அந்தக் கீழ் வீடு?"

"ஆமா."

"பேஜாரு புடிச்ச வீடா இருக்குதே. தண்ணி மேலேர்ந்து ஊத்துது, பொகை கீழேர்ந்து வருது. எங்களுக்கு வேணாம்."

சாயங்காலம் நிவேதா வீடியோவில் சொல்லிக்கொடுக்க, டப்பாவைப் பிரித்து பிளக்கில் சொருகினோம். பச்சை விளக்கு சுற்றிச் சுற்றித் தேடியது. கடைசியில் அவள் சொன்னாள்: "அப்பா, நம்ம வீட்ல அதோட சேர்ற மாதிரி ஒண்ணுமே இல்லப்பா. எல்லாம் பழசு. அடுத்த மாசம் பல்பு அனுப்பறேன்."

எரிந்த மோட்டாருக்குப் புதுக் காயில் கம்பி சுற்ற ஆன செலவை மறுநாளே எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று படிக்குப் படி நின்று நின்று போனேன். பாய் பணத்தைத் தொடவில்லை.

"காசு குடுத்துட்டு ஓடிடலாம்னு பாக்கிறியா? அவங்க வேணாம்னுட்டாங்க. வேற யாரு வருவா இந்த வீட்டுக்கு? இன்னும் மூணு வருஷம் இரு. பாக்கி இருக்கிற வரைக்கும் நீ எங்கேயும் போவ முடியாது."

உள்ளே கதவுக்குப் பின்னால் அவர் மனைவி சிரிப்பது கேட்டது.

அதற்குப் பிறகு லீசை ஒருமுறை புதுப்பித்தாயிற்று. ஒவ்வொரு ரம்ஜானுக்கும் அந்தப் பணத்தைக் கவரில் போட்டு நீட்டுகிறேன். பாய், வந்திருக்கும் விருந்தாளிகள் எல்லோருக்கும் கதையை முதலிலிருந்து சொல்லிவிட்டு, கவரை என் சட்டைப் பையிலேயே திருப்பிச் சொருகுகிறார். நான் இன்னும் கரீம் பாய்க்குத் தரவேண்டியது இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.