பதினொரு மணி வாய்தா

குக்கர் விசில் அடித்த நேரம் பார்த்துத்தான் நீதிபதி வாயைத் திறந்தார்.

பாலுசாமி செல்போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டார். விசில் அடங்கியபோது நீதிபதியும் பேசி முடித்திருந்தார். கோர்ட்டில் இருந்த அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை.

“ஏன் அம்மணி, பதினோரு மணிக்குத்தான் குக்கர் வெக்கோணுமா?”

மனைவி மதிவதனி அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “அப்ப வெச்சாத்தானுங்க மத்தியானம் சோறு. போனைப் புடிச்சுட்டு டிவி முன்னால அரை மணி நேரம் நின்னு ரெக்கார்டு பண்ணுனதே பெருசு. கை இன்னும் வலிக்குது.”

‘அடுத்த வாய்தா’ முப்பது வருஷத்துக்கு முந்தைய டிவி நாடகம். ஒரு சின்ன ஊர்க் கோர்ட்டு. அதில் இதுவரை ஒரு கேஸிலும் ஜெயிக்காத வக்கீல் ஏகாம்பரம். கண்ணை மூடிக்கொண்டே விசாரிக்கும் ஜட்ஜ் கோதண்டபாணி. அவர் யோசிக்கிறாரா தூங்குகிறாரா என்று யாருக்கும் தெரியாது. கட்சிக்காரர் பேரை ஒருநாளும் சரியாகக் கூப்பிடாத டவாலி. சரக்கு அவ்வளவுதான். அதில் யாரும் யாருக்கும் விஷம் வைக்கவில்லை, யாரும் மாடிப்படியில் உருளவில்லை. ஆனாலும் ஏகாம்பரம் எழுந்து மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தால் பாலுசாமிக்குச் சிரிப்பு வந்துவிடும். அடுத்து வாய்தா கேட்கப்போகிறார் என்று தெரியும். தெரிந்தும் வரும். தெரிந்ததனாலேயே வரும் என்றும் சொல்லலாம்.

ஆனால் நாடகத்தின் கடைசியில் வந்த மாட்டு வழக்கை மட்டும் அவர் பார்த்ததில்லை. அந்தச் சமயத்தில் அவர் திருப்பூரில் டிவி இல்லாத லைன் வீட்டில் குடியிருந்தார். இன்டர்நெட்டில் துண்டு துண்டாகச் சில காட்சிகள் கிடக்கின்றன. அவற்றிலும் அந்த வழக்கு இல்லை. இப்போது போத்தனூரில் அவர் வீட்டுக்கு வரும் கேபிள் சேனல் ஒன்று, எங்கிருந்தோ பழைய டேப்புகளைப் பிடித்து நாடகத்தை முதலிலிருந்து போட்டு வந்தது. தினமும் சாயங்காலம் ஏழு மணி. சரியாக மாட்டு வழக்கு ஆரம்பித்த வாரத்தில் ஏழு மணியை ராசிக்கல் விற்கிற ஒருவர் வாங்கிவிட்டார். நாடகம் காலை பதினொன்றுக்குப் போய்விட்டது.

பதினொரு மணிக்குப் பாலுசாமி கணபதியில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருந்தாக வேண்டும். மதிவதனியை வைத்துப் பதிவு செய்யலாம் என்று பார்த்தால் குக்கர் குறுக்கே வந்துவிட்டது. இனி நேரில் ஆஜராவதைத் தவிர வழியில்லை என்று அவர் முடிவு செய்தார்.

மேனேஜர் வரதராஜுலு பர்மிஷன் தருவதில் ரொம்பக் கறார். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கு வேலையையே பார்த்துவிடலாம் என்று திரும்பி வந்தவர்கள் உண்டு.

“எங்கீங்க போறீங்க?”

பல்வலி என்று சொல்வதாகத்தான் பாலுசாமி வீட்டிலிருந்தே தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். மனசு பூராவும் வேறெங்கோ இருந்ததால் வாயில் அதுவே வந்துவிட்டது.

“கோர்ட்டுக்குங்க சார்.”

“கோர்ட்டுக்கா? என்ன கேஸுங்க?”

“மாட்டுக் கேஸுங்க.”

வரதராஜுலு பேனாவைக் கீழே வைத்தார். “உக்காருங்க” என்றார். பர்மிஷன் கேட்க வந்தவரை அவர் உட்காரச் சொல்லி யாரும் பார்த்ததில்லை.

இனி பின்வாங்க முடியாது. மாமனார் ஊரான காரமடையைச் சேர்த்துக்கொண்டு பாலுசாமி நாடகத்தைச் சொன்னார். “எங்கூட்டுக்காரி பேர்ல காரமடையில ஒரு மாடு வாங்குனமுங்க. வித்தவரு ஊடும் எங்க மாமனாரு ஊடும் ஒரே வீதிதானுங்க. பொழுதன்னிக்கும் எங்க தீனியத் தின்னுபோட்டு, சாயங்காலமானா கவுத்த உருவிட்டுப் பழைய ஊட்டுக்குப் போயி அங்கதான் பால் குடுக்குது. நாங்க கறக்கப் போனா ஒதைக்குது.”

“அப்ப பால் ஆருக்குச் சேரோணும்கறதுதான் கேஸு.”

“அதேதானுங்க சார்.”

“பதினோரு மணிக்கா?”

“தினமும் அந்நேரத்துக்குத்தானுங்க கூப்பிடறாங்க.”

“நாயமான கேஸுதான். போயிட்டு வாங்க. ஆனா என்னாச்சுன்னு வந்து எங்கிட்டச் சொல்லோணும்.”

பாலுசாமிக்குத் தலையிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. பைக்கை முறுக்கிக்கொண்டு போத்தனூர் போய், டிவி முன்னால் உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, மத்தியானத்துக்குள் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

அவர் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அவர் வந்த கையோடு மேனேஜரே ஸ்டோர்ஸுக்கு வந்தார். பின்னாலேயே அக்கவுண்ட்ஸில் இருக்கும் யுவஸ்ரீயும், கம்பெனி வேன் ஓட்டும் யாகூப்பும் வந்தார்கள். டீ போடும் வள்ளியாத்தாள் தட்டைக் கீழே வைக்காமல் அங்கேயே நின்றுவிட்டாள்.

“என்னாச்சுங்க?”

“எதிர்க்கட்சி சாட்சியக் கூண்டுல ஏத்துனாங்க சார். டவாலி பேரு கூப்புட்டான்...”

“தப்பாக் கூப்புட்டிருப்பானே.”

“ஆமாங்க சார். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எல்லாக் கோர்ட்டுலயும் அப்படித்தானுங்க” என்றார் வரதராஜுலு. “மேல சொல்லுங்க.”

சொல்லிப்போட்டு அன்றைக்குத் தப்பித்தார். ஆனால் மறுநாளும் கேட்டார்கள். அதற்கடுத்த நாளும் கேட்டார்கள். பாலுசாமி வருவதற்குள் டீ ஆறிவிடும் என்று டீ நேரத்தையே தள்ளி வைத்தார்கள். அவர் போயிருக்கும்போது ஸ்டோர்ஸ் சாவியை யுவஸ்ரீ வாங்கி வைத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் இவ்வளவு செய்யமாட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். இப்படிப்பட்டவர்களிடம் பொய் சொல்கிறோமே என்று ஒருபக்கம் அரித்தது. பதினொரு மணி நெருங்கினால் அரிப்பு நின்றுவிடும்.

அந்த வாரமே யுவஸ்ரீ ஒரு சங்கடத்தைக் கொண்டுவந்தாள். “எங்க பெரியப்பா வக்கீலுங்கண்ணா. காசே வேண்டாம், நானே வந்து வாதாடறேங்கறாரு.”

பாலுசாமி அவசரமாகக் குறுக்கிட்டார். “நமக்குத்தான் ஒரு வக்கீல் இருக்கறாருங்களே.”

“அவரு இதுக்கு முன்னால ஒரு கேஸாச்சும் ஜெயிச்சிருக்கறாருங்களா?”

“இல்லீங்க.”

“அப்பறம் எதுக்குங்கண்ணா அவரையே வெச்சுட்டிருக்கறீங்க?”

“பழகிட்டாருங்க” என்றார் பாலுசாமி. அது சத்தியமான வார்த்தை.

பெரியப்பாவைச் சமாளித்தால் வள்ளியாத்தாள் மாட்டைப் பார்க்கவேண்டும் என்றாள். “போட்டோவாச்சும் காட்டுங்கண்ணா. இவ்வளவு பேரைக் கோர்ட்டுக்கு இழுத்த மாடு எப்படித்தான் இருக்குதுன்னு பாக்கறேன்.”

நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்த பாலுசாமி, சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸப்பில் போட்டிருந்த மாட்டுப் படத்தைத் தேடி எடுத்தார். திமிலும் கொம்புமாக நல்ல கம்பீரமான படம். மறுநாள் பெருமையாக நீட்டினார்.

வள்ளியாத்தாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். ஒருமுறை தூரமாக வைத்துப் பார்த்தாள். ஒருமுறை கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

“ஏனுங்கண்ணா, இது காங்கேயங்காளையாட்ட இருக்குது.”

பாலுசாமி போனைத் திருப்பி வாங்கிப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது.

“இது அதோட அண்ணனுங்க” என்றார். “மாடு பின்னால நிக்குது. மறைச்சுட்டான்.”

யாகூப் எட்டிப் பார்த்து, “ஆமாங்க, வாலு தெரியுது” என்றான். பாலுசாமிக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எல்லோரும் ஏனோ அவசரமாக டீயைக் குடித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மதிவதனி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“உங்க மேனேஜர் போன் பண்ணுனாருங்க.”

பாலுசாமி அப்படியே நின்றார். “எதுக்கு?”

“மாட்டுக்குப் புண்ணாக்கு வெச்சாச்சான்னு கேட்டாருங்க.”

“நீ என்ன சொன்னே?”

“எந்த மாடுன்னேன். கேஸு மாடுன்னாரு. அப்பறம் அவரே எல்லாஞ் சொன்னாரு. ரொம்ப நேரம் பேசிட்டிருந்தாரு. நல்ல மனுசன்.”

“புண்ணாக்குக்கு என்ன சொன்னே?”

“வெச்சாச்சுன்னேன்.”

பாலுசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். பெண்டாட்டியையும் பொய்க்குள் இழுத்துவிட்டோமே என்று அவர் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, டிவியில் அந்தச் சேனலின் அறிவிப்பு கீழே ஓடியது. மாட்டு வழக்கு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இறுதித் தீர்ப்பு. காணத் தவறாதீர்கள்.

ஒருவகையில் நிம்மதிதான். வெள்ளிக்கிழமையோடு கேஸ் முடியும், பொய்யும் முடியும். மறுநாள் ஆபீஸில் அந்த நிம்மதியோடுதான் சொன்னார்.

“வெள்ளிக்கிழமை தீர்ப்புங்க சார்.”

“அப்படீங்களா” என்றார் வரதராஜுலு. “அப்ப நாங்களும் வாரோம்.”

“எதுக்குங்க சார் உங்களுக்குச் சிரமம்?”

“இத்தன நாளா கூடவே வந்தாச்சு. தீர்ப்புக்கு இல்லாம இருந்தா நல்லா இருக்குமுங்களா? யாகூப், வேன் ஃப்ரீதானே?”

“அன்னைக்கு லோடே எடுக்கறதில்லீங்க சார்.”

பாலுசாமி அவசரமாக யோசித்தார். “கூட்டமாப் போனா ஜட்ஜய்யா கோவிச்சுக்குவாருங்க.”

“அவருதான் கண்ணையே தொறக்கறதில்லைன்னு நீங்க சொன்னீங்களே” என்றாள் யுவஸ்ரீ.

வியாழக்கிழமை பதினொரு மணி போக மற்ற நேரமெல்லாம் அவர் ஸ்டோர்ஸில் நட்டும் போல்ட்டும் பார்க்காமல் இதையே பார்த்தார். மத்தியானம் ஒரு யோசனை தோன்றியது. ஏகாம்பரத்தின் யோசனைதான். நேரே மேனேஜர் அறைக்குப் போனார்.

“சார், தீர்ப்பத் தள்ளி வெச்சுட்டாங்களாமுங்க.”

வரதராஜுலுவின் முகம் போன போக்கை அவர் எதிர்பார்க்கவில்லை. மனுஷன் எழுந்தே நின்றுவிட்டார். “தள்ளி வெச்சுட்டாங்களா? ஆரு சொன்னது? எப்பச் சொன்னாங்க? நாளைக்கு வராதா?” கதவுக்கு வெளியே யுவஸ்ரீ கையிலிருந்த ஃபைலைக் கீழே போட்டாள். எங்கிருந்தோ வள்ளியாத்தாள், “அட கடவுளே” என்றது கேட்டது.

தன் ஒரு மாட்டுக்காக இத்தனை பேர் இப்படித் துடிப்பதைப் பாலுசாமியால் தாங்க முடியவில்லை. “இல்லீங்க சார். அப்படி ஒரு பேச்சு இருந்துச்சு. இப்ப இல்லீங்களாம். நாளைக்கே வந்துருமாமுங்க.”

“இப்படியெல்லாம் பயமுறுத்தாதீங்க பாலுசாமி” என்று வரதராஜுலு நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் மதிவதனி வீட்டைக் கழுவிவிட்டு, ஊருக்கே பந்தி வைக்கிற மாதிரி ஒரு பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் ஊறப்போட்டிருந்தாள். பாலுசாமிக்கு எரிச்சலாக வந்தது.

“நான் இன்னைக்குக் கோர்ட்டு வாசல்ல நின்னு முழிக்கப்போறேன். எந்த ரூம்ல கேஸுன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? வேலையே போயிரும். நீ பாட்டுக்குச் சமைச்சுட்டிருக்கறே.”

“ஆளுக வாராங்கங்க. நீங்க தெகிரியமாப் போயிட்டு வாங்க.”

“தீர்ப்பையாச்சும் போன்ல புடிச்சு வெய்யி. குக்கரை மட்டும் தொடாத.”

“இன்னைக்குப் போன் புடிக்கக் கை ஒழியாதுங்க” என்றாள் அவள், கொஞ்சமும் இரக்கமில்லாமல்.

ஆக, வேலையும் போகும், தீர்ப்பும் தெரியாது. இரண்டில் எது தன்னை அதிகமாக வருத்துகிறது என்று நினைத்துப் பார்த்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது.

பத்து மணிக்கெல்லாம் வேன் கம்பெனி வாசலில் நின்றது. எல்லோரும் வெளுத்த துணி உடுத்தியிருந்தார்கள். மேனேஜர் விபூதி வைத்திருந்தார். யுவஸ்ரீ ஒரு பெட்டி மைசூர்பா வாங்கி மடியில் வைத்திருந்தாள். வள்ளியாத்தாள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பாலுசாமியை ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள், மாப்பிள்ளையை உட்கார வைப்பது மாதிரி.

வண்டி காந்திபுரம் தாண்டியது. கோர்ட்டு வாசலில் இறங்கிய பிறகு மாட்டுவதைவிட வண்டியிலேயே சொல்லிவிடுவது மேல் என்று பட்டது.

“சார், உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லோணும்.”

“அப்பறமாச் சொல்லிக்கலாமுங்க. யாகூப், கொஞ்சம் வெரசலாப் போ. ஆரம்பிச்சுரும்.”

“இல்லீங்க சார், இப்பவே சொன்னாத்தான்... அந்த மாடு இருக்குதுங்களே...”

“மாட்டுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. நீங்க பேசாம வாங்க.”

பாலுசாமி கண்ணை மூடிக்கொண்டார். ஜட்ஜ் கோதண்டபாணி எதற்காகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்பது அவருக்கு அப்போதுதான் புரிகிற மாதிரி இருந்தது. மறுபடி திறந்தபோது, கோர்ட்டுக்குத் திரும்பவேண்டிய இடத்தை வண்டி தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. தப்பித்தோம் என்று பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு நல்லவர்களை வழிமாறிப் போகவிட அவருக்கு மனசு வரவில்லை.

“யாகூப், நில்லுங்க, கோர்ட்டு அந்தப் பக்கம்” என்றார்.

யாகூப் வண்டியை நிறுத்தவில்லை. மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். யுவஸ்ரீ மைசூர்பாவைப் பார்த்தாள். பின் சீட்டிலிருந்து வள்ளியாத்தாள்தான் பேசினாள்.

“கோர்ட்டுக்கு ஆருங்கண்ணா போறா, எங்க ஆரூட்டுலயும் அந்தச் சேனல் வர்றதில்லைன்னுதான் இத்தன நாளா நாடகத்தைப் பாத்துட்டு வந்து சொல்லச் சொல்லி உங்களை அனுப்பிச்சிட்டு இருந்தோம், தீர்ப்பையாச்சும் உங்கூட்டுல உக்காந்து நாங்களே பாத்துக்கறமுங்க.”