இரண்டாவதாக ஓடியதே ஜெயிக்கும்

வேகப் பரிசோதகர் என்றொரு இனம் உண்டு, பார்த்திருக்கிறீர்களா? ஒரே பைலைப் படிக்கக் கம்ப்யூட்டர் மொழிகளில் பைத்தான் வேகமா, ஜாவா வேகமா, ரஸ்ட் வேகமா என்று ஓட்டப்பந்தயம் வைத்து, ஜெயித்ததற்கு மாலை போடாத குறையாகப் பூரித்து, தோற்றதிடம் துக்கம் விசாரித்து, மறுபடியும் முதலிலிருந்து பந்தயத்தைத் தொடங்குகிறவர். எதற்காகப் படிக்கிறோம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கோபம் வந்துவிடும்.

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் நவநீதகிருஷ்ணன் இந்த இனத்தின் திலகம். எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை பண்டல் என்ற பைல் காலையிலேயே வந்துவிட்டது. அதைப் படித்து லோடு சீட்டு அடிக்க ஒரு புரோகிராம் எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. வாசலில் லாரியோடு டிரைவர் சமுத்திரம் காத்துக்கிடக்கிறார். சாயந்தரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் மதுரையில் லோடை இறக்கிவிட்டுத் திரும்பியாக வேண்டும்.

"தம்பி, சீட்டு ஆச்சா?"

"செத்த நேரம் இருங்கண்ணே. எந்த லாங்குவேஜ்ல எழுதலாம்னு பாத்துக்கிட்டிருக்கேன். பைத்தானை விட ரஸ்ட்டு எம்புட்டு வேகம் தெரியுமா!"

பந்தயம் சுத்தமாக இருக்க வேண்டுமே! ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னாலும் ஒரு தடவை கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவார். முதலில் பைத்தான்; பிறகு செல்லப்பிள்ளை ரஸ்ட்.

பக்கத்து சீட் அனுசியாவுக்குச் சிரிப்பு. "சார், ரஸ்ட்டை எப்பவும் ரெண்டாவதாவே ஓட்டுறீகளே? முதல்ல ஓடுறது டிஸ்க்குல இருந்து பைலைத் தூக்கிட்டு வருது. அது மெமரியிலயே கெடக்கும். ரெண்டாவது வாரது நோகாம எடுத்துக்கிடுது. மாத்தி ஓட்டிப் பாருங்க."

மாற்றி ஓட்டினார். பைத்தான் ஜெயித்துவிட்டது! மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்புறமாவது சீட்டு அடித்தாரா? நல்லாச் சொன்னீர்கள்! "அப்ப ஜாவாவையும் மாத்தி ஓட்டிப் பாத்துரணும்" என்று மறுபடி கம்ப்யூட்டரை அணைத்தார்.

சமுத்திரத்துக்குப் பொறுக்கவில்லை. உள்ளேயே வந்துவிட்டார்.

"ஏலே, காலையில இருந்து இம்புட்டு வேகமாப் படிச்சியே, அதுல என்னதாம்லே எழுதியிருக்கு?"

நவநீதகிருஷ்ணன் அணைந்து கிடந்த திரையைப் பார்த்தார். ஒரு வரிகூட அவர் பார்த்திருக்கவில்லை.

அனுசியா தன் கம்ப்யூட்டரில் பைலைத் திறந்து உரக்கப் படித்தாள். சமுத்திரம் சீட்டில் எழுதிக்கொண்டார். "நல்லாயிரு தாயி! சாயந்தரம் அவசியம் வந்துரணும்" என்று லாரியைக் கிளப்பினார். நம்மவர் கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அனுசியா ரொம்ப ஸ்லோ."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்தக் கதையைக் கையில் எடுத்ததும், எவ்வளவு நீளம், சட்டென்று முடித்துவிடலாமா என்று உங்கள் கண் முதலில் இந்தக் கடைசி வரிக்கு ஓடி வந்ததே, நான் இங்கேதான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.